டிங்காலா நிலையத்தின் இரண்டாம் காவலர்

எங்கள் ஊருக்கென்று இருந்த, உயிருள்ள ஒரு போலீஸ்காரரை நான் கடைசியாகப் பார்த்தது நாலு வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணிக்கு. அவர் பெயர் மெர்வ் டகெட். காவல் நிலையத்துக்கு எதிரே, வண்டிக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லரில் கட்டில், அலமாரி, தன் அப்பாவின் சாய்வு நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு முடிச்சு ஒழுங்காப் போட வரல. பத்தொம்பது வருஷமா திருடனுங்களை எப்படிய்யா கட்டிப்போட்டே?" என்று கேட்டேன்.

"நான் எங்க கட்டினேன். அவனுங்களே வந்து உக்காந்துக்குவானுங்க, பெரிசு" என்றார்.

அவ்வளவுதான் பேசினோம். வண்டி கோதுமைக் குதிர்களைத் தாண்டி வளைவில் மறைந்தது.

தப்பாக நினைத்துவிட வேண்டாம். மெர்வ் சாகவில்லை. எங்கள் ஊரில் போலீஸ்காரர் இல்லாமலும் போகவில்லை. இருக்கிறார். தினமும் பார்க்கிறேன். அவருக்கு உயிர் கிடையாது, அவ்வளவுதான். இது எப்படி நேர்ந்தது என்பதை யாராவது முறைப்படி எழுதி வைக்க வேண்டும். ஊரில் மற்ற எல்லாருக்கும் வேலை இருக்கிறது. எனக்கு இல்லை.

போலீஸ்காரர் வீட்டைக் கணக்கில் சேர்க்காமல், டிங்காலாவில் ஓட்டுப் போடும் வயதுள்ளவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். ஒரு பள்ளிக்கூடம், ஒரு கால்பந்து மைதானம், நோலா க்விர்க் நடத்தும் பப், ரயில் நின்றுபோய் முப்பது வருஷமான ஒரு ரயில் நிலையம். நான் குதிரின் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

எங்கள் ஊர்ப் பேச்சைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிவப்பு முடிக்காரனை நாங்கள் நீலன் என்று கூப்பிடுவோம். ஆறரை அடி ஆளுக்குப் பொடியன் என்று பெயர். பிடிக்காதவனிடம் மரியாதையாகப் பேசுவோம். பிடித்தவனைத் திட்டுவோம். ரொம்பப் பிடித்துவிட்டால் அவனைப் பெற்றவள் முன்னாலேயே திட்டுவோம். மெர்வை ஊரே திட்டியது. அவர் பப் வாசலிலிருந்து பள்ளிக்கூடம் வரை நடந்தால் வழியெல்லாம் வசவு கூடவே வரும். அவரும் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் திருப்பிக் கொடுப்பார்.

மெர்வுக்கு மனைவி இல்லை. அவள் எப்போதோ போய்விட்டாள், வேறொரு போலீஸ்காரரோடு. நிலையத்தை ஒட்டிய வீட்டில் அப்பாவோடு இருந்தார். அப்பா பெர்ஸிக்கு எண்பத்து நாலு வயது. ஒரு காலத்தில் ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பதில் மாவட்டத்திலேயே பேர் வாங்கியவர். இப்போது மகன் பெயரே பாதி நாள் நினைவில் வராது. ஆனால் எட்டு இருபது ரயில் மட்டும் நினைவில் நின்றுவிட்டது. தினமும் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு அதைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார். நடைமேடையில் உட்கார்ந்திருப்பார். பத்து மணி வாக்கில் அந்தப் பக்கம் போகிற யாராவது, "இன்னிக்கு ரயில் ரத்தாம் பெர்ஸி" என்று சொல்லிக் கூட்டி வருவோம். அவர் ரயில்வேயை ஒரு நிமிஷம் திட்டுவார். பிறகு வருவார்.

அப்பாவைப் பார்த்துக்கொண்டு, ஆடு நெடுஞ்சாலையில் நின்றால் விரட்டி, வெள்ளம் வந்தால் படகு ஓட்டி, சனிக்கிழமைகளில் பப்பில் அடிதடியை விலக்கி, தனி ஆளாக முடியவில்லை என்று மெர்வ் மேலிடத்துக்கு எழுதினார். இன்னொரு காவலர் வேண்டும். பதினொரு தடவை எழுதினார். பன்னிரண்டாவது தடவை பதில் வந்தது: தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு முழுமையாக ஏற்கப்பட்டது, இரண்டாம் காவலர் வரும் திங்கட்கிழமை முற்பகல் வந்து சேருவார்.

மெர்வ் பின்னறையைக் காலி செய்து வெள்ளையடித்தார். நான் ஒரு கட்டில் கொடுத்தேன். நோலா ஒரு ஆட்டுத்தொடையை முழுதாக வாட்டி வைத்தாள். திங்கட்கிழமை ஊரில் பாதிப் பேர் நிலையத்தின் முன்னால் நின்றோம். கூரியர் வேன் வந்தது. ஓட்டுநர் மட்டும் இறங்கினார். பின்கதவைத் திறந்து நீளமாக, தட்டையாக ஒரு பெட்டியை இழுத்தார். அதன்மேல் 'வளைக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது.

உள்ளே ஒரு போலீஸ்காரரின் அட்டைக் கட்டவுட். ஆறடி உயரம், முழுச் சீருடை, கைகளைக் கட்டிக்கொண்டு லேசாகப் புன்னகைக்கும் இளைஞர். பின்னால் ஊன்றிக்கொள்ள ஒரு மரக்கால். கூடவே ஒரு பணி நியமன ஆணை, அடையாள எண், நெஞ்சில் பூட்டும் கேமரா ஒன்று.

மெர்வ் ஆணையை இரண்டு தடவை வாசித்தார். அதில் வந்திருப்பவர் 'தட்டை வடிவ இருப்பு அலுவலர்' என்று குறிப்பிடப்பட்டிருந்தது.

"ஆட்டுத்தொடையை என்ன பண்றது?" என்று நோலா கேட்டாள்.

"அவருக்குப் பசிக்கலையாம்" என்றார் மெர்வ்.

எல்லாருமாகச் சாப்பிட்டோம். கட்டவுட்டுக்கு அங்கேயே பெயரும் வைத்தோம். காகிதம்போல் ஒல்லியாக இருந்ததால் குண்டு.

குண்டுவை மெர்வ் நெடுஞ்சாலை வளைவில் நிறுத்தினார். எங்கோ வடக்கேயிருந்து பறந்து வரும் லாரிகள் அவரைக் கண்டதும் பிரேக் போட்டன. ஒரு நாள் ஓர் ஓட்டுநர் இறங்கிவந்து, தூக்கம் வந்ததால்தான் வேகமாகப் போனேன் என்றும், வீட்டில் நிம்மதி இல்லை என்றும் குண்டுவிடம் பத்து நிமிஷம் சொல்லிவிட்டு, கேட்டதற்கு நன்றி சொல்லிப் போனார். மெர்வ் இதைப் பப்பில் சொல்லும்போது நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எங்களுக்குத் தெரியாதது, குண்டுவின் கேமரா இதையெல்லாம் தலைமையகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது என்பது.

தலைமையகத்தில் 'காவல் எதிர்காலம் மற்றும் பொதுமக்கள் நம்பிக்கை உருமாற்றப் பிரிவு' என்று ஒன்று இருந்தது. அதன் இயக்குநர் ஃபெலிசிட்டி கோர்மன் என்ற இளம்பெண். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். எப்போதும் சிரித்த முகம். அவளுடைய பிரிவு முந்நூற்று நாற்பது பக்கத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது: 'நவீனக் காவல்துறை எதிர்கொள்ளும் சவால்களும் அவற்றைக் களையும் வழிமுறைகளும்'. நிலையத்துக்கு வந்த பிரதியை மெர்வ் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். நான் அதை எடுத்து வாசித்தேன்.

அறிக்கையின்படி சவால்கள் ஐந்து. காவலர்கள் போதவில்லை. இருக்கும் காவலர்களுக்கு மன அழுத்தம். காவலர்கள் மேல் புகார். காவலர்களுக்குத் தொழில்நுட்பம் பிடிபடவில்லை. காவலர்களை மக்கள் நம்புவதில்லை. இந்த ஐந்தையும் பதினெட்டு மாதம் அறிவியல் முறைப்படி ஆராய்ந்ததில், ஐந்துக்கும் பொதுவான காரணம் ஒன்று இருப்பது கண்டறியப்பட்டது. காவலர்கள்.

இந்தக் கண்டுபிடிப்புக்கு ஆதாரம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் குண்டுவின் ஆறுமாதக் கணக்கு அவர்கள் கைக்குப் போனது. ஆறு மாதத்தில் ஒரு நாள் விடுப்பு இல்லை. மன அழுத்தம் பூஜ்யம். புகார் பூஜ்யம். கேமராவை ஒரு தடவைகூட அணைக்கவில்லை. ஒரு மாடு வந்து முழங்கையை நாற்பது நிமிஷம் மென்றபோதும், தொப்பிமேல் ஒரு கிளிக்கூட்டம் உட்கார்ந்து செய்யத்தகாததைச் செய்தபோதும், அலுவலர் நிதானம் இழக்கவில்லை, பலப்பிரயோகம் செய்யவில்லை, புன்னகையும் மாறவில்லை. அந்த மாட்டுக் காட்சியைக் காவலர் பயிற்சிப் பள்ளியில் போட்டுக் காட்டுவதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

மெர்வ் தன் சட்டையில் மாட்டியிருந்த கேமராவும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. ஒரு சாதாரண நாளில் அவருக்கும் பொதுமக்களுக்கும் இடையே நாற்பத்தோரு அவமதிப்புச் சொற்கள் பரிமாறப்பட்டதாகக் கணினி எண்ணிச் சொல்லியது. அதில் பத்தொன்பது நோலாவுடையவை.

அடுத்ததாக மக்கள் கருத்துப் படிவங்கள் வந்தன. ஒரே தாளில் இரண்டு அலுவலர்கள், எதிரே பத்துக்கு எத்தனை என்று ஒரு கட்டம், கீழே கருத்து எழுத இடம். வெள்ளிக்கிழமை மாலை பப்பில், சீட்டு விழுந்தவருக்கு ஒரு தட்டு இறைச்சி கொடுக்கும் இறைச்சிக் குலுக்கல் நடக்கும்போது நோலா எல்லாருக்கும் விநியோகித்தாள். அப்படி ஒரு சந்தோஷமான மாலை எங்கள் ஊரில் அதற்கு முன்னும் பின்னும் இல்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் உரக்க வாசிக்க, அதைவிட மேலாக எழுத மூன்றாமவர் பேனாவைப் பிடுங்கினார்.

நோலா எழுதினாள்: 'இந்த ஆளுக்குத் துப்பாக்கி கொடுத்தது தப்பு. துடைப்பம் கொடுத்திருக்கணும்.' க்ளாரி மக்ஃபீ என்ற விவசாயி எழுதினார்: 'மெர்வ் இருக்கிறாரா இல்லையா என்பதே ஊருக்குத் தெரியாது.' வெள்ளத்தில் ஓடையில் அடித்துப்போன க்ளாரியின் மகளை மெர்வ் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் எழுதியது: 'குண்டு இவரைவிட அறிவாளி. பார்த்தாலே தெரிகிறது.' இருநூற்றுப் பதினான்கு பேரும் குண்டுவுக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தோம். மெர்வுக்குப் பூஜ்யம். மெர்வே ஒரு படிவம் வாங்கித் தனக்கு ஒன்று போட்டுக்கொண்டார். கர்வம் பிடித்தவன் என்று அதற்கும் திட்டு வாங்கினார். மாட்டிறைச்சித் தட்டு க்ளாரிக்கு விழுந்தது.

மூன்று வாரம் கழித்து ஃபெலிசிட்டி கோர்மன் நேரில் வந்தாள். பள்ளிக்கூடத்து அறையில் சின்னப்பிள்ளைகளின் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எங்களை உட்கார வைத்தாள். இதற்குக் கேட்டல் வட்டம் என்று பெயர். கையில் ஒரு மெத்தென்ற பந்து இருந்தால்தான் பேசலாம். முதலில் எல்லாரும் கண்ணை மூடிப் பத்துத் தடவை மூச்சு விட வேண்டும். க்ளாரி ஏழாவது மூச்சில் தூங்கிவிட்டார். அப்புறம் ஒரு விதி: 'பிரச்சினை' என்று யாரும் சொல்லக் கூடாது, 'சவால்' என்றே சொல்ல வேண்டும்.

பந்து மெர்விடம் போனது. குழந்தைகளின் நாற்காலியில் முழங்கால் காதுவரை வர உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கும் மக்களுக்கும் உறவு முறிஞ்சுபோயிருக்கு, மெர்வ். இதை நீங்க உணர்றீங்களா?" என்று அவள் ரொம்பக் கனிவாகக் கேட்டாள்.

"யார் சொன்னா?"

"மக்கள்தான். இருநூத்திப் பதினாலு பேர்."

"அவங்க அப்படித்தான் பேசுவாங்க, மேடம்."

"எத்தனை நாளா?"

"நான் வந்த நாளிலேர்ந்து."

"அப்ப இது ரொம்ப நாள் பிரச்சினை."

"பிரச்சினைன்னு சொல்லக் கூடாதுன்னீங்களே."

அவள் தன்னைத் திருத்திக்கொண்டு குறிப்பேட்டில் ஏதோ எழுதினாள். பிறகு எழுந்து நின்று முடிவைச் சொன்னாள். டிங்காலா மக்களின் விருப்பத்துக்கு மதிப்பளித்து, நிலையத்தின் முழுப் பொறுப்பும் மக்கள் நம்பிக்கை பெற்ற அலுவலரிடம் ஒப்படைக்கப்படுகிறது. சீனியர் கான்ஸ்டபிள் டகெட் கடற்கரை நகரத்துக்கு மாற்றப்படுகிறார். இருபத்தெட்டு நாளுக்குள் மக்கள் விரும்பினால் மாற்றுக் கருத்துத் தெரிவிக்கலாம்.

மெர்வ் பந்தைத் தரையில் வைத்தார். பந்து யாரிடமும் இல்லாததால் இனி யாரும் பேச முடியாது என்று அவள் நினைத்திருக்கலாம்.

நோலாதான் எழுந்தாள். நாங்கள் எழுதியதெல்லாம் விளையாட்டு என்று சொன்னாள். ஃபெலிசிட்டி அதைப் புரிந்துகொண்டதாகவும், காவலருக்குப் பயந்து முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் நிலைமையைப் பற்றி அறிக்கையில் ஒரு தனி அத்தியாயமே இருப்பதாகவும் பதில் சொன்னாள். நோலாவின் கையைப் பிடித்து, இனிமேல் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். அதற்கு நோலா சொன்னதை எழுத முடியாது. அது ஃபெலிசிட்டியைப் பிடித்துப்போய்ச் சொன்ன வசவு இல்லை.

மறுநாள் காலை நான் பெர்ஸியைக் கூட்டிவர நடைமேடைக்குப் போனபோது மெர்வ் ஏற்கெனவே அங்கே அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெர்ஸி எங்கள் இருவரிடமும், கைப்பை எதுவும் இல்லாமல் பயணம் வருகிறீர்களே என்று கேட்டார்.

மெர்வ் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இங்க அவர் தினம் ரயிலுக்குப் போனா ஒண்ணுமில்ல, பெரிசு. ரயில் வராது. அங்க நிஜமாவே வரும்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் மூன்று பேரும் ரயிலுக்குக் காத்திருந்தோம்.

எங்களுக்கு இருபத்தெட்டு நாள் இருந்தது. வேண்டியதெல்லாம் ஒரு தாளில் ஒரு வரி: மெர்வ் நல்ல போலீஸ்காரர். கீழே கையெழுத்து. இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. நோலா தாள்களைப் பப்பில் அடுக்கி வைத்தாள். வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்தோம். பேனாவை எடுத்தோம். இறைச்சிக் குலுக்கல் நடக்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. க்ளாரி நெற்றி வியர்க்க உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒருவர் 'நல்ல' என்று எழுதிவிட்டு அடித்தார். பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவாரோ என்று கையால் மறைத்துக்கொண்டு எழுதியவர்களும் உண்டு. ஆட்டுக்குக் கடன் கேட்டு வங்கிக்குக் கூசாமல் பொய் எழுதும் கைகள் அவை. ஓர் ஆளைப் பற்றி உண்மையாக ஒரு நல்ல வார்த்தை எழுத வரவில்லை.

கடைசியில் எல்லாரும், சொல்லி வைத்ததுபோல, ஒரே வார்த்தையை எழுதினோம்: 'மோசமில்லை.'

வெளியாருக்கு இது விளங்காது. எங்கள் ஊரில் இதற்கு மேலே ஒரு பாராட்டு கிடையாது. பெர்ஸி ஒரே நாளில் இருநூற்று மூன்று ஆட்டுக்குக் கத்தரித்து மாவட்டத்தையே வாயடைக்க வைத்தபோது அவருடைய முதலாளி சொன்னது அதுதான். நான் என் மனைவி ஐரீனிடம் நாற்பத்தோரு வருஷத்தில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை எங்கள் கல்யாணத்தன்று. அப்போது அவள் முகம் சிவந்துபோனது.

எழுதி முடித்ததும் ஒரு பெரிய காரியம் செய்த களைப்போடு வீடு திரும்பினோம். இனிமேல் மெர்வை யாராலும் அசைக்க முடியாது என்று நம்பினோம். சிலர் கொஞ்சம் அதிகமாகவே புகழ்ந்துவிட்டோமோ என்றுகூடக் கவலைப்பட்டார்கள்.

தலைமையகத்தின் தரவரிசையில் ஆறு படிகள் இருந்தன. 'மிகச் சிறப்பு' என்பது முதல் படி. 'மோசமில்லை' ஐந்தாவது. மக்கள் அச்சமின்றி, ஒரே குரலில், நிதானமாகத் தங்கள் முந்தைய கருத்தை உறுதிசெய்திருப்பதாகப் பதில் வந்தது.

விதிப்படி எல்லாப் படிவங்களின் நகலும் சம்பந்தப்பட்ட அலுவலருக்குக் கொடுக்கப்பட வேண்டும். மெர்வுக்கு ஒரு தடித்த கோப்பாக வந்தது. நிலையத்துக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் வாசித்தார். துடைப்பத்திலிருந்து மோசமில்லை வரை எல்லாவற்றையும். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டே பப்புக்கு வந்து, சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை என்று நோலாவைத் திட்டிவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டார். எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாங்களும் அவரைப் பார்க்கவில்லை. டிரெய்லரில் ஏற்றாமல், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் அவர் வைத்துக்கொண்டது அந்தக் கோப்பு ஒன்றைத்தான். பெர்ஸி பின்னால் உட்கார்ந்து, கடைசியில் ஒரு வழியாக ரயில் கிளம்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து நோலாவுக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. பப்பில் ஒட்டி வைத்தாள். 'இங்கே எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள். மேலதிகாரி தினமும் நன்றி சொல்கிறார். ஊரே பிடிக்கவில்லை. அப்பா தண்டவாளத்தில் இறங்கிவிட்டார், யாரோ பார்த்துப் பிடித்தார்கள். முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறேன். கதவுக்கு நம்பர் பூட்டு. அவர் தினமும் கோட்டு மாட்டிக்கொண்டு கதவுக்கு முன்னால் நிற்கிறாராம். ரத்து என்று அவரிடம் சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை.'

நோலா அன்று பப்பின் கதவைப் பூட்டிவிட்டு வீடு வீடாக வந்தாள். ஒவ்வொருவரும் மெர்வைப் பற்றி உண்மையை நேராக எழுதித் தரும் வரை ஊரில் ஒருவருக்கும் ஒரு துளி பீர் கிடையாது என்றாள். பதினோரு நாள் பூட்டியே கிடந்தது. அந்தப் பதினோரு நாளில் டிங்காலாவில் நடந்ததைப்போல வேறெங்கும் நடந்திருக்காது. பெரிய பெரிய ஆட்கள், ஆட்டுப்பட்டிக்குப் பின்னாலும் டிராக்டருக்குள்ளேயும் மறைந்து உட்கார்ந்துகொண்டு, கடிதம் எழுதினார்கள். க்ளாரி தன் மகளைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு, வெட்கத்தில் இரண்டு நாள் வெளியே வரவில்லை. நோலா, தன் புருஷன் கையோங்கிய காலத்தில் மெர்வ் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி வந்து அடுக்களையில் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எழுதினாள். எனக்கு அது அதுவரை தெரியாது.

நானும் எழுதினேன். பக்கத்து ஊர் மருத்துவமனையில் ஐரீன் இருந்த கடைசி நாளில் மெர்வ் வந்ததை எழுதினேன். 'ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நாள் முழுவதும் என் பக்கத்தில் நின்றார். அவர் நின்றதால் நான் விழவில்லை.' இவ்வளவுதான். இதை எழுத எனக்கு ஆறு நாள் ஆனது.

இருநூற்றுப் பதினான்கு கடிதங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'டிங்காலா நிலையக் காவலரைப் பற்றி' என்று மேலே எழுதி அனுப்பினோம். மெர்வ் திரும்பிவர எத்தனை நாள் ஆகும் என்று பப்பில் பந்தயம்கூட வைத்தோம். அவர் வீட்டுப் பின்னறைக்கு மறுபடி வெள்ளையடித்தோம்.

ஆறாவது வாரம் ஃபெலிசிட்டி கோர்மன் வந்தாள். கூடவே கருப்புக் காரில் உதவி ஆணையர் ஒருவர், ஒரு புகைப்படக்காரர், ஊதுகுழல் வாசிக்க இரண்டு பேர். நிலையத்து வாசலில் நாற்காலி போட்டார்கள். மெர்வ் எந்தக் காரிலிருந்து இறங்குவார் என்று நாங்கள் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாக் கதவும் திறந்து மூடின.

குண்டுவை வளைவிலிருந்து கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார்கள். மாடு மென்ற முழங்கையில் புதிதாக ஒட்டுப் போட்டிருந்தது. உதவி ஆணையர் காகிதத்தைப் பிரித்தார். இம்மாநிலத்தில் இதுவரை எந்த அலுவலரும் தன் மக்களிடமிருந்து இப்படிப்பட்ட அன்பைப் பெற்றதில்லை என்று வாசித்தார். வெள்ளத்தில் இறங்கி ஒரு பெண்ணைக் கரைசேர்த்தது. ஒரு குடும்பத் தலைவியின் அடுக்களையில் தினந்தோறும் காவல் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, துயரத்தில் இருந்த ஒரு முதியவரின் பக்கத்தில், நான் அங்கே அவர் எழுத்துக்கு எழுத்து வாசித்ததைச் சொல்கிறேன், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நாள் முழுவதும் நின்றது.

எல்லாரும் குண்டுவைப் பார்த்தார்கள். அதில் ஒரு வார்த்தையும் பொருந்தாமல் இல்லை. வெள்ளம்கூட. அட்டை மிதக்கும்.

க்ளாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"அம்மா, அது நாங்க மெர்வைப் பத்தி எழுதினது."

ஃபெலிசிட்டி கோப்பைப் புரட்டிப் பார்த்தாள். உண்மையாகவே தேடிப் பார்த்தாள். "கடிதம் வந்த தேதியில டிங்காலா நிலையக் காவலர் இவர்தானே" என்றாள்.

"மெர்வ் எப்ப வருவாரு?"

"அவரையா? உங்களுக்கு இனிமே அவரால ஒரு தொந்தரவும் வராது" என்று க்ளாரியின் தோளைத் தட்டிக் கொடுத்தாள். "நீங்கெல்லாம் எவ்வளவு மாறிட்டீங்க தெரியுமா? முதல்ல நான் வந்தப்போ உங்களுக்கு ஒரு போலீஸ்காரரைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை எழுத வரல. இப்போ பாருங்க."

க்ளாரி கூட்டத்துக்குள் திரும்பி வந்தார். ஊதுகுழல் வாசித்தார்கள். ஒருவர் கைதட்ட, பழக்கத்தில் எல்லாரும் தட்டினோம். நானும் தட்டினேன். புகைப்படம் எடுத்தார்கள். அது அந்த வருஷ அறிக்கையின் முதல் பக்கத்தில் வந்தது. நோலா குண்டுவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

குண்டு இப்போது சார்ஜெண்ட். பதக்கத்தை அவர் நெஞ்சில் ஸ்டேப்ளர் அடித்து மாட்டியிருக்கிறார்கள். அது வெண்கலம், நல்ல கனம். அதனால் அவர் முன்பக்கமாகச் சாய்கிறார். பின்னால் மரக்காலின்மேல் ஒரு செங்கல் வைத்திருக்கிறோம்.